தடங்கலுக்கு வருந்துகிறோம்

தொலைக்காட்சி நிலையத்தில் படம் நின்றுபோனால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று எழுத்துப் போடுவதுதான் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டரின் வேலை. படம் திரும்பி வரும்வரை எழுத்தை எடுக்கக் கூடாது. ஒருநாள் எழுத்து இருக்கும்போதே அதை அணைத்து மூலையில் போட்டுவிட்டார்கள்.

வெகுகாலம் கழித்து யாரோ அதைப் பழுது பார்த்து, ஒரு பழைய டிவிப்பெட்டியோடு இணைத்தார். உயிர் வந்ததும் முதல் வேலையாக அதே எழுத்தைப் போட்டது.

"யாருக்குய்யா போடறே? அந்த நிலையமே இப்ப இல்லை," என்றது டிவி.

"பாதிப் படத்துல விட்டுட்டு வந்தேன். ஜனங்க காத்துக்கிட்டிருப்பாங்க."

"எங்க வீட்டுலயும் அன்னிக்கு இதைப் பார்த்துக்கிட்டேதான் உட்கார்ந்திருந்தாங்க. ஒருத்தரும் எழுந்து போகலை," என்றது டிவி. "இரு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டறேன். கடைசியில உட்கார்ந்திருக்கறவங்களுக்கும் தெரியணுமில்ல."