உடையாத கோடு

"அந்த எஞ்சினக் கழட்டி வெளிய எடுப்பா."

கேட்டேவிட்டாள் கெல்சி.

அப்பாவிடம் எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று மேக்சீன் சித்தி சொல்லி வைத்திருந்தாள். அக்கா போன பிறகு அத்தானின் உயிரே அந்த எஞ்சினுக்குள்தான் ஓடுகிறது என்பது சித்தியின் கட்சி.

அப்பா நோரிஸ் நிமிரவில்லை. கார்புரேட்டரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இஞ்சினியரம்மா உத்தரவு போட்டாச்சு. நம்ம வம்சத்துலயே முதல் பட்டம். கேக்காம இருக்க முடியுமா?"

"கேலி பண்ணாத. போன தடவையே மேட்டுல தட்டல் சத்தம் கேட்டுச்சு. இன்னும் டியூன் பண்ணா, வளைவுல வெடிச்சு உன் மடியிலதான் விழும்."

"கார்புரேட்டருக்குப் புது ஜெட் போட்டா சரியாயிடும், கண்ணு."

கராஜ் வாசலில், தூறலில், தார்ப்பாய் போர்த்தியபடி நின்றது அவள் வேனில் கொண்டுவந்த எஞ்சின். அவள் வேலை பார்க்கும் பட்டறையில் சோதித்து ஒதுக்கியது. பாதி எடை, இரண்டு மடங்கு வலு.

அப்பாவுக்கு அது கண்ணிலேயே படவில்லை.

அந்தப் பழைய எஞ்சின் இருந்த கார், அப்பாவும் அம்மாவும் இந்தக் கராஜிலேயே பூட்டியது. பெட்டி பெட்டியாக வந்த பாகங்கள், பழைய கார் ஒன்றிலிருந்து பிடுங்கிய எஞ்சின். கூரை கிடையாது, இரண்டே இருக்கை.

அப்பா போல்ட்டை முறுக்குவார். "போடு, லொரெய்ன்" என்பார். அம்மா தன் ஆரஞ்சு நெயில் பாலிஷால், போல்ட்டின் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை மெல்லிய கோடு ஒன்று இழுப்பாள்.

கோடு இருந்தால் முறுக்கியாயிற்று. கோடு உடைந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. அவர் சொல்லாமல் அவள் ஒரு கோடும் போட்டதில்லை.

இந்தக் காரை எடுத்துக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனவள்தான் அம்மா. லீக் சாலை வளைவில் கார் நின்றுவிட்டது. இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தவளைப் பின்னால் வந்த பால் லாரி பார்க்கவில்லை.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்றார் அப்பா. அவள் என்றைக்கு பெட்ரோல் முள்ளைப் பார்த்தாள் என்றார். சாவு வீட்டில் அழுகைக்கு நடுவே எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். அம்மா அப்படித்தான், மறதிக்காரி.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் அப்பா சொல்லும் ஒரே வார்த்தை: "முள்ளப் பாத்துட்டுப் போ."

கெல்சியின் வேனில் முள் பாதிக்குக் கீழே இறங்கியதில்லை. இறங்குவதற்குள் பங்கில் வண்டியை நிறுத்திவிடுவாள்.

"சரி, நீ துடைச்சுட்டு இரு. எஞ்சினத் தூக்க செயின் பிளாக்க எங்க மாட்டலாம்னு நான் பாக்கறேன்." டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினின் பக்கவாட்டில் குனிந்தாள்.

"அங்க ஒண்ணும் இல்ல. எந்திரி."

காருக்கு அடியில் எப்போதும்போல அந்தத் தகரத் தட்டு. அம்மா ஞாயிற்றுக்கிழமை இறைச்சி வாட்டியது. இப்போது சொட்டுச் சொட்டாக எண்ணெய் பிடிக்கிறது. ஸ்பேனரைத் துடைக்காமல் ஆணியில் மாட்டாத மனிதர், இத்தனை வருடமாக இந்த ஒழுகலோடு எப்படி இருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியதே இல்லை. கேட்டால், பழைய எஞ்சின் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்பார்.

எண்ணெய் வந்த வழியே டார்ச்சை மேலே ஏற்றினாள்.

பழைய பெட்ரோல் பம்ப். அம்மா இறந்த மாதமே அப்பா பின்பக்கம் மின்சாரப் பம்ப் பொருத்திவிட்டார். இதைக் கழட்டாமல் அப்படியே விட்டிருந்தார்.

இரண்டு போல்ட். இரண்டிலும் ஆரஞ்சுக் கோடு. மயிரிழைகூட உடையாமல், நேற்று போட்டதுபோல.

கெல்சி டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனாள். தொட்டுப் பார்க்க வேண்டும்போல இருந்தது. தொட்டாள்.

அவள் கட்டைவிரல் நகம் போல்ட்டின் தலைக்குக் கீழே உள்ளே போனது.

மற்றதிலும் போனது.

இரண்டும் கையால் திருகி விட்டதோடு சரி. ஸ்பேனர் படவே இல்லை; முறுக்காமலே 'போடு' என்றிருக்கிறார் அப்பா. பம்ப் இப்படித் தொங்கினால் தொட்டி நிறைய பெட்ரோல் இருந்தாலும் எஞ்சினுக்கு ஒரு சொட்டுப் போகாது.

கராஜில் துணியால் துடைக்கும் சத்தம் நின்றிருந்தது.

அவள் எழுந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு சுத்து முறுக்கியிருந்தா இந்த ஒழுகல் அன்னிக்கே நின்னிருக்கும்லப்பா?"

அவர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார்.

"முறுக்கினா அவ கோடு உடைஞ்சிடும், கண்ணு."

ஒரு நொடி அவரைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அடுத்த நொடி, சாவு வீட்டில் சிரித்தவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தன் முகமும் அதில் இருந்தது.

டார்ச்சை அணைத்து அம்மாவின் இருக்கையில் வைத்தாள்.

"சனிக்கிழமை சித்தியக் கூட்டிட்டு வரேன். இந்த டார்ச்ச அவங்க பிடிக்கட்டும், அவங்களே பாக்கட்டும். எஞ்சின் வெளிய வருது. அதுவரைக்கும் அந்த போல்ட்ல கை வெச்சே, நான் உனக்குப் பொண்ணே இல்ல."

தார்ப்பாய் போர்த்திய எஞ்சினை வாசலிலேயே விட்டுவிட்டுத் தூறலில் இறங்கினாள்.

"கெல்சி," என்றார் பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில். "முள்ளப்..."

மீதி வரவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.