நசுங்காத எலுமிச்சம்பழம்

ஏரிக்கரையில் கொக்கு ஒன்று பழைய வாட்டர் ஸ்கூட்டர்களை விற்றுவந்தது. வரிசைக் கடைசியில் நின்ற நீல ஸ்கூட்டருக்கு உடம்பெல்லாம் கீறல். தண்ணீரைப் பார்த்துப் பார்த்தே அதற்கு ஒரு கோடை போய்விட்டது.

ஒருநாள் காலையில் நீர்நாய் ஒன்று பெண்டாட்டி பிள்ளைகளோடு வந்தது. புதுப் பெயின்ட் பளபளத்த சிவப்பு ஸ்கூட்டரைத் தட்டிக்காட்டி, "ஒரே ஓனர், அதுவும் டாக்டர்" என்றது கொக்கு. அப்பா நீர்நாய் அப்போதே சொக்கிப்போனது.

"என்னையத்தான் எடுப்பாங்க" என்று நீலத்திடம் கிசுகிசுத்தது சிவப்பு.

அம்மா நீர்நாய் சிவப்பின் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தது. சுட்டது. "நாங்க வர்றதுக்கு முன்னாடியே எதுக்குண்ணே ஓட்டிச் சூடாக்கி வச்சீங்க? ஆறிக் கிடக்கிற வண்டி கிளம்புதான்னுல்ல பாக்கணும்?"

கொக்கு வானத்தைப் பார்த்தது.

அம்மா நீலத்தைத் தொட்டது. சில்லென்று இருந்தது. குனிந்து அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தியது. நீலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே அழுத்தில் கிளம்பியது.

நீர்நாய்கள் நீலத்தையே வாங்கின. புது வண்டி வந்தால் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்க வேண்டுமே. அப்பா ஏரியில் பழத்தைப் போட்டது. எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நீலம் பாய்ந்தது. பழம் முழுசாக மிதந்தது.

"பூஜை இன்னும் முடியலை, இன்னொரு ரவுண்டு" என்று குதித்தன குட்டிகள்.

பொழுது சாயும்வரை பழம் நசுங்கவே இல்லை. ஒவ்வொரு தடவையும் நீலம் ஒரு சாண் ஒதுங்கித்தான் போனது. அம்மா அதைக் கவனித்தது, யாரிடமும் மூச்சுவிடவில்லை.