புல்லுக்கு வைத்த விசிறி

வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டிய பிறகு, கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்கென்றே விசிறிகள் வைத்தார்கள். புல் சூடானால் அவை தாமாகவே ஓடி நீர்ச்சாரல் தூவும். களை பறிக்கும் பெண்கள் புல்லைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு வெளியே, ஓரங்களில்தான் நிற்க வேண்டும். வெயிலில் துவண்ட புல்லை மிதித்தால் கால்தடம் அப்படியே கருகிவிடும்.

கூட நின்று களை பறித்த மரகதம் வெயிலில் சுருண்டு விழுந்ததும் ஜெபராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் புல்லின் நடுவில் கிடத்தினாள். மற்ற பெண்களும் கயிற்றைத் தாண்டி வந்து உட்கார்ந்தார்கள். சாரல் பட்டு மரகதம் கண் விழித்தாள்.

மேலாளர் ஓடிவந்தார். "எல்லாரும் வெளிய போங்க. இல்லன்னா விசிறிய நிறுத்திருவேன்."

"நிறுத்துங்க சார்," என்றாள் ஜெபராணி, அசையாமல். "நாங்க கொஞ்ச நேரம் தாங்குவோம். உங்க புல்லு தாங்குமா?"

ஸ்விட்சுக்குப் போன மேலாளரின் கை அங்கேயே நின்றுவிட்டது.