கேட்கத் தெரிந்த அக்கா

நெட்டையக்கா வகுப்புக்குள் நுழைந்ததும் இவள் மனசு ஒரு குதி குதித்தது.

வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாத அக்கா. விடுதியில் இவளோடு இருந்த அறையையும் மாற்றிக்கொண்டு போய்விட்டாள். கேட்டால் வேலை என்பாள். என்ன தப்புப் பண்ணினோம் என்று யோசித்து யோசித்து இவளுக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். இன்று கையைக் காலைப் பிடித்தாவது அக்காவின் கோபத்தைத் தீர்த்துவிடுவது என்று முன்வரிசையிலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

மனிதப் புவியியல் வகுப்பு. கள ஆய்வில் மனிதர்களை எப்படிப் பேசவைப்பது என்று சொல்லித்தர, ஆய்வை முடித்த சீனியரைப் பேராசிரியர் அழைத்திருந்தார். அந்த சீனியர்தான் நெட்டையக்கா. அவளைப் பார்த்துத்தான் இவள் இந்தப் பாடத்தையே எடுத்தாள்.

விடுதியில் இவளுக்கு ஊமைக்கோட்டான் என்று பேர். அந்தக் கோட்டானை வாய் திறக்கவைத்த புண்ணியவதி அக்கா ஒருத்திதான். குறுக்கே பேசமாட்டாள். புத்தி சொல்லமாட்டாள். இவள் அழுதால்கூடப் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். பெற்ற தாய் அப்படிக் கேட்டதில்லை.

புது ஊருக்கு வந்தவர்கள் தங்கள் தனிமையை எங்கே கொண்டுபோய் ஒளித்துவைக்கிறார்கள் என்பதுதான் அக்காவின் ஆய்வு. அக்கா உதாரணத்துக்கு ஒரு பெண்ணைச் சொன்னாள்.

அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமை நன்றாக உடுத்திக்கொண்டு, சொந்தக்காரர் வீட்டுக்கு என்று சொல்லிவிட்டுக் கிளம்புவாளாம். அந்த ஊரில் அவளுக்கு ஒரு ஈ காக்கைகூடச் சொந்தமில்லை. பேருந்தில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போவாள். அதே வண்டியில் திரும்பி வருவாள்.

பின்வரிசையில் யாரோ ‘உச்’ கொட்டினார்கள்.

அது இவள் கதை. அதை இந்த உலகத்தில் ஒருத்தியிடம்தான் சொல்லியிருந்தாள்.

சம்மதம் வாங்கினாயா என்று பேராசிரியர் கேட்டார். வாங்கினேன் என்றாள் அக்கா. பொய்யில்லை. ஒருநாள் இவளுக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, நீ சொல்வதையெல்லாம் ஆய்வில் எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கிண்டல் என்று நினைத்து இவளும் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டாள், மக்கு.

அக்கா பலகையில் விதிகளை எழுதினாள். குறுக்கே பேசக் கூடாது. புத்தி சொல்லக் கூடாது. எதிரே இருப்பவர் அழுதால் அவசரப்பட்டு ஆறுதல் சொல்லக் கூடாது. பேசாமல் இருந்தால் மேற்கொண்டு சொல்வார்.

பாசம் என்று நம்பி இவள் அக்காவின் தோளில் சாய்ந்து அழுததெல்லாம் பாடமாகத்தான் இருந்திருக்கிறது.

கேட்பதை எப்போது நிறுத்துவது என்று எப்படித் தெரிந்தது என்றார் பேராசிரியர்.

அக்கா முன்வரிசையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“ஒரு கட்டத்துக்கு மேல புதுசா ஒண்ணும் வரல சார். சொன்னதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. அதோட நிறுத்திக்கிட்டேன்.”

சரியான இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறாய் என்று பேராசிரியர் மெச்சினார். வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டது.

அக்காவுக்குக் கோபமாகவே இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது இவளுக்கு.