மூலையில் கிடந்த ஜாக்கி

மரப்பட்டறை மூலையில் ஒரு ஜாக்கி கிடந்தது. பழைய வேனுக்கு டயர் மாற்றவென்று தச்சர் ஆரோக்கியம் அதை வாங்கினார். மறுமாதமே வேனை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு ஜாக்கிக்கு வேலையும் இல்லை, இருப்புக்கொள்ளவும் இல்லை.

“சுத்தியண்ணே, இன்னிக்காவது என்னை எடுப்பாரா?” என்று தினமும் நச்சரிக்கும்.

“வேனே போயாச்சு. சும்மா கிடடா,” என்று சுத்தியல் சலித்துக்கொள்ளும்.

ஒருநாள் அடுக்கியிருந்த தேக்கங்கட்டை உருண்டு ஆரோக்கியத்தின் காலை அமுக்கிவிட்டது. அலறல் கேட்டு ஓடிவந்த மனைவி ஜெபமாலை தள்ளிப் பார்த்தாள், கட்டை அசையவில்லை. சுற்றுமுற்றும் தேடியவள் கண்ணில் ஜாக்கி பட்டது. அதைக் கட்டைக்கு அடியில் நுழைத்துத் திருகினாள்.

துருப்பிடித்த உடம்பு முறுக்க முறுக்க வலித்தது. தான் வழுக்கினால் அவர் கால் போய்விடுமே என்று ஜாக்கிக்கு உதறல் எடுத்தது. கட்டை நாலு விரல் உயர்ந்ததும் ஆரோக்கியம் காலை உருவிக்கொண்டார்.

ஆட்டோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியதும், “இப்பத் திருப்தியாடா?” என்றது சுத்தியல்.

“கால் பிழைச்சிடுமாண்ணே?” என்றது ஜாக்கி.

சாயங்காலம்வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட காலோடு அவர் வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் அடங்கியது.