ஒரே பேட்ச்

"ஆட்டாதீங்க சார்!"

கடைக்காரர் போட்ட சத்தத்தில் அவன் கை அந்தரத்தில் அப்படியே நின்றது.

கையில் அண்ணன் மகள் பாப்பாவின் பூப்போட்ட துண்டு. துண்டுக்குள் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று போய்விட்டது என்று சொல்லித்தான் நீட்டியிருந்தான்.

"உயிரோட இருக்கிறதையும் எதுக்கு சார் தூக்கிட்டு வந்தீங்க? போனதை மட்டும் கொண்டு வந்தா போதாதா?"

திட்டிக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கி, மேசையிலிருந்த ரப்பர் விரிப்பின்மேல் படுக்க வைத்தார். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தார்.

"அட, நீங்களா! வாங்க, வாங்க. பார்த்து மூணு வருஷம் இருக்குமே. இளைச்சுட்டீங்க சார்."

அவன் தலையை மட்டும் ஆட்டிவைத்தான்.

அண்ணன் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

வீட்டுக்கென்று ஒரு குட்டி சர்வரை அண்ணன்தான் செருப்பு அலமாரிக்கு மேலே கட்டி வைத்திருந்தான். எடுத்த படம், பிடித்த வீடியோ எல்லாம் அதற்குள்தான் போகும். பாப்பாவுக்கு சைக்கிள் பழக்கும்போது, "விட்டுட்டேன்டா, பிடிக்கல, நீயேதான் ஓட்டுற!" என்று அண்ணன் பின்னாலிருந்து கத்துகிற குரலும் அதற்குள்தான் இருக்கிறது.

நேற்று அதில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு டிஸ்க்கில் ஒன்று செத்துவிட்டது.

"தம்பி, இன்னொண்ணும் போச்சுன்னா அவர் குரல்கூட எனக்கு மிச்சமில்ல" என்றாள் அண்ணி. அழவில்லை. அழாமல் சொன்னதுதான் அவனை என்னவோ செய்தது.

கடைக்காரர் உயிரோடிருந்த டிஸ்க்கைத் தன் கணினியில் மாட்டினார். திரையை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தார்.

"ஜம்முனு இருக்கு. எல்லாமே பச்சை."

அவனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

"ஆனா நம்பாதீங்க."

வந்த மூச்சு நின்றது.

கடைக்காரர் இரண்டு டிஸ்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே ஒட்டியிருந்த சீட்டுகளைப் பூதக்கண்ணாடியில் காட்டினார். ஒரே தொழிற்சாலை. ஒரே தேதி. வரிசை எண்ணில் கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு.

"ஒரே பேட்ச் சார். ஒரே நாள்ல பொறந்ததுங்க. ஒரே பெட்டிக்குள்ள, ஒரே சூட்டுல ஓடினதுங்க. இதுல எழுதினதையே அதுலயும் எழுதியிருக்கு. எல்லாமே அப்படின்னு சொல்ல மாட்டேன். ஆனா நான் பார்த்தவரைக்கும், ஒண்ணு போச்சுன்னா இன்னொண்ணு பின்னாடியே கிளம்பிடும்."

"முன்கூட்டியே ஏதாவது தெரியுமா?"

"சிலதுல டக்கு டக்குனு சத்தம் வரும். சிலது மூச்சே விடாது. முந்தின நாள் பார்த்தா எல்லாம் பச்சைன்னு காட்டும். மறுநாள் காலையில எழுந்திருக்காது."

அண்ணனுக்கும் அப்படித்தான். முந்தின வாரம்தான் உடம்பு முழுக்கப் பரிசோதனை செய்து, டாக்டர் முதுகில் தட்டி அனுப்பியிருந்தார். வேலைக்குக் கிளம்பும்போது ஷூ நாடாவைக் கட்டக் குனிந்தான். நிமிரவில்லை.

கடையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவன் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பையில் எதையோ தேடுவதுபோல இடது மார்பைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்ச நாளாக அந்தக் கை, சொல்லாமலே அங்கே போய்விடுகிறது.

கடைக்காரர் மூன்று அட்டைப் பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது சாதா கம்ப்யூட்டருக்கு. பகல்ல ஓடும், ராத்திரி தூங்கும். இது சிசிடிவி கேமராவுக்கு. எழுத மட்டும்தான் கெட்டிக்காரன். இதோ, இது சர்வருக்குன்னே செஞ்சது. நிக்காம ஓடும். அஞ்சு வருஷம் வாரண்டி. எங்க வீட்டுல எனக்கே அவ்வளவு கிடையாது."

அவன் சிரிக்கவில்லை.

"இதுல எது சாகாது?"

கடைக்காரரும் சிரிப்பதை நிறுத்தினார். "சாகாத டிஸ்க்கை எவனும் செய்யல சார். ரெண்டு எடுத்துக்குங்க. ஆனா வேற வேற கம்பெனி, வேற வேற தேதி. அப்பத்தான் ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்."

"பழசு?"

"அதுக்குத்தான் இப்ப கண்டம். புதுசுல காப்பி ஏறி முடியற வரைக்கும் அதுக்கு ஓய்வே கிடையாது. பழசுல பாதி அந்த நேரத்துலதான் மண்டையைப் போடும். அதனால, முக்கியமானதை மட்டும் முதல்ல எடுத்து வெச்சிடுங்க. நாளைக்குப் பார்த்துக்கலாம்னு விடாதீங்க."

முக்கியமானது.

அவன் பாப்பாவை நினைத்தான். சைக்கிளை நினைத்தான். பிறகு, வீட்டில் தூங்கிக்கொண்டிருக்கும் தன் கைக்குழந்தையை நினைத்தான். குழந்தையோடு தான் பேசுவதுபோல ஒரு வீடியோகூட இதுவரை எடுக்கவில்லை.

சர்வருக்கென்று செய்ததில் ஒன்று, வேறு கம்பெனியில் இன்னொன்று. கடைக்காரர் ஒவ்வொன்றாக நுரைத்தாளில் சுற்றினார். பழைய டிஸ்க்கைத் துண்டிலேயே கட்டி, பையின் நடுவில், குழந்தையை வைப்பதுபோல வைத்தார்.

"கோவிச்சுக்காதீங்க சார். இதைத்தான் அன்னிக்கே தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஒரே பேட்ச்ல ரெண்டு வேண்டாம், ஒண்ணை மாத்தித் தரேன்னு. நீங்க கேட்டாத்தானே? சிரிச்சுக்கிட்டே என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இல்லை என்று தலையசைத்தான்.

"'ஒரே பேட்ச்ல எங்க வீட்டுல நாங்களே ரெண்டு பேர் இருக்கோம். நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கோம்'னீங்க! நான் அதைச் சொல்லிச் சொல்லி எத்தனை பேர்கிட்ட சிரிச்சிருக்கேன் தெரியுமா?"

இப்போதும் சிரித்துக்கொண்டே பையை நீட்டினார்.

அவன் அதை இரண்டு கையாலும், ஆடாமல் வாங்கிக்கொண்டான்.

அந்தக் கடைக்குள் அவன் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை.