ஏழாம் நம்பர் டேங்க்

"நடுவுல இருக்கறது சரியில்லம்மா. மூணும் ஒரே மாதிரி கலர் காட்டல," என்றார் கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர் குப்புராஜ், மூன்றாவது தடவையாக.

மெர்சிக்கு எரிச்சலாக வந்தது. காலையில் காக்களூரில் கிளம்பி, புதுவாயலில் பஸ் மாறி, கும்மிடிப்பூண்டியில் இந்த கெமிக்கல் கம்பெனிக்கு வந்து, டிபன் பாக்ஸ் அளவு கம்ப்யூட்டரில் மூன்று மானிட்டரை மாட்டியிருந்தாள். கலர் அளக்கும் மீட்டரை ஒவ்வொரு திரையிலும் வைத்துப் பார்த்தாயிற்று. மூன்றும் ஒன்றுபோல்தான் இருந்தன.

திரைக்கு மூன்றாக ஒன்பது வட்டம், ஒவ்வொன்றும் ஒரு டேங்க். பச்சை என்றால் நிம்மதி. சிவப்பு என்றால் சூடு ஏறுகிறது, உடனே வால்வை மூட வேண்டும். சோதனைக்காகத் திரைக்கு ஒன்றைச் சிவப்பாக்கி வைத்திருந்தாள்.

"நடுவுல எது செவப்புன்னு காட்டுங்கண்ணா."

குப்புராஜின் விரல் நாலுக்குப் போனது. அவள் முகத்தைப் பார்த்ததும் ஆறுக்குத் தாவியது. சிவப்பாக இருந்ததோ ஐந்து.

மெர்சி மீட்டரைக் கீழே வைத்தாள். "எத்தினி வருசமாண்ணா இப்படி?"

"பொறந்ததுலேர்ந்து." அவர் கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "பழைய போர்டுல மேல் பல்பு எரிஞ்சா செவப்பு, கீழ் பல்பு எரிஞ்சா பச்ச. அத வச்சுக்கினே பதினேழு வருசம் ஓட்டிட்டேன், ஒரு தப்பு கெடையாது. இப்போ ஒரே வட்டம்னா நான் இன்னா பண்ணுவேன்? பதினோரு மணிக்கு சேஃப்டி ஆபீசர் வந்து கலர் கேப்பாரு. மாத்தி சொன்னா லோடிங்குக்கு அனுப்பிடுவாரு. இந்த முதுக வச்சுக்கினு மூட்ட தூக்க முடியுமா? எம்பொண்ணு ஸ்நேகாவுக்கு நர்சிங் இன்னும் ரெண்டு வருசம் இருக்கு."

மெர்சிக்குப் பாவமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. இவர் ஒரு சிவப்பைப் பச்சை என்று நினைத்தால், ஷெட்டில் இருக்கிற நாற்பது பேர் கதி என்ன?

"வட்டத்துக்குள்ள எழுத்து போட்டுடறேன். செவப்புன்னா சி, பச்சைன்னா ப. கலர பாக்கவே வேணாம்," என்றாள்.

முதல் திரையை முடிப்பதற்குள் கதவு திறந்தது. மணி பத்தரைதான் ஆகியிருந்தது.

சேஃப்டி ஆபீசர் எழிலரசன். சட்டைப் பையில் நாலு பேனா, ஒவ்வொன்றின் மூடியிலும் இங்க்கின் கலர் பெயரை எழுதி ஒட்டிய சீட்டு. அவ்வளவு கறாரான மனுஷன்.

"இன்னும் ரெண்டு ஸ்கிரீன் பாக்கி சார்," என்றாள் மெர்சி.

"எரியுதில்ல, போதும். குப்புராஜ், ஒண்ணுலேர்ந்து சொல்லுங்க."

முதல் திரையில் எழுத்தைப் பார்த்து குப்புராஜ் மளமளவென்று சொன்னார். எழிலரசன் குனிந்து அந்த எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பேப்பரில் டிக் போட்டார். நடுத்திரையில் ஐந்துதான் சிவப்பு என்று குப்புராஜுக்கு இதற்குள் தெரிந்துவிட்டது, அதிலும் தப்பித்தார்.

"ஏழு?"

மூன்றாவது திரையில் எழுத்து இல்லை. ஏழாம் வட்டம் பளிச்சென்று சிவப்பாக எரிந்தது. குப்புராஜ் திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார்.

"பச்ச சார்."

போச்சு. மெர்சி கண்ணை மூடிக்கொண்டாள்.

திறந்தபோது எழிலரசன் குப்புராஜின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏழுக்கு நேராக டிக் போட்டார். "எட்டு?"

எட்டும் ஒன்பதும் முடிந்தன. "போய் டீ குடிச்சுட்டு வாங்க," என்றார். குப்புராஜ் நம்ப முடியாமல் வெளியே போனார்.

பேசாமல் இருந்துவிட்டால் குப்புராஜின் பிழைப்பு ஓடிவிடும். ஆனால் மெர்சிக்கு அந்த நாற்பது பேர் ஞாபகம் வந்தது.

"சார்... ஏழு செவப்பு சார்."

எழிலரசன் கையில் பேனா அப்படியே நின்றது. ஏழாம் வட்டத்தை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, முதல் திரையில் இருந்த 'சி'யின்மேல் விரலை வைத்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"இந்த எழுத்த என் ரூம் ஸ்கிரீன்லயும் போட்டுடும்மா."